அடைக்கலமாய் வந்த பெயர்கள்

நம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தமிழ் கற்பிக்கும் முறை பற்றி இத்திங்கள் இப்பகுதியில் எழுதுவதாகச் சென்ற இதழில் கூறியிருந்தோம். அதனை அடுத்த திங்களுக்கு ஒத்திவைக்க நேர்ந்தமைக்கு அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். உடனே சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இடையில் வந்து சேர்ந்தது. அது நம் சந்தாதாரர் ஒவ்வொருவரையும் பற்றியது, நம்மைப் பற்றியதுங்கூட.

சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், செம்பூரிலிருந்து ஓர் அம்மையார் நம் சங்க அலுவலகத்திற்கு வந்தார். எழுபது வயதைக் கடந்தவர். கணவரை இழந்தபின் தனியே வாழ்பவர். முப்பது ஆண்டுகளாக நம் இதழை விடாது பெற்றுப் படித்து வருபவர். அவர் கூறியது இது. இரண்டு நாட்களுக்கு முன் அவருடைய கைபேசிக்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறது. பேசியவன் நல்ல தமிழில், மிகுந்த பணிவோடு, "அம்மா, சங்கத்திலிருந்து பேசுகிறேன், உங்கள் சந்தா இந்த மாதத்தோடு முடிகிறது, மூத்தோருக்குச் சலுகை அறிவித்திருக்கிறோம், முன்பு கட்டியதில் ஒரு பகுதி உங்களுக்குத் திரும்ப வரும்" என்று சொல்லியிருக்கிறான். அம்மையாரின் பெயர், வீட்டு எண், சொந்த ஊர் கும்பகோணம் என்பது, மகன் வெளிநாட்டில் இருப்பது ஆகிய அனைத்தும் அவனுக்குத் தெரிந்திருந்தன. அவன் அனுப்பிய இணைப்பைத் திறந்து, யு.பி.ஐ. இரகசிய எண்ணை இடுவதற்காக மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த வேளையில், தோசை மாவு கேட்டு வந்த அடுத்த வீட்டுப் பெண் விவரம் அறிந்து தடுத்துவிட்டாள்.

"பணம் தப்பியது, அது இருக்கட்டும். என் சந்தா இந்த மாதத்தோடு முடிகிறது என்பது அவனுக்கு எப்படித் தெரிந்தது? என் மகனிடங்கூட நான் அதைச் சொன்னதில்லையே!" என்று அவர் வினவினார்.

அவ்வினாவுக்கு நம்மிடம் விடை இல்லை. தேடிச் சொல்கிறோம் என்று கூறி அவரை அனுப்பினோம். தேடியபோது கண்டது நமக்குப் பெருமை தருவதன்று. எனினும் மறைப்பதற்கு நமக்கு உரிமையில்லை.

நம் சந்தாப் பட்டியல் ஓரிடத்தில் இருப்பதாகவே நாம் எண்ணியிருந்தோம். அது ஏழு இடங்களில் இருந்தது. அலுவலகக் கணினியில் ஒன்று. பொருளாளரின் மடிக்கணினியில் ஒன்று. மேலுறை முகவரி அச்சிடும் அச்சகத்தில் ஒன்று. நம் வலைத்தளத்தை நடத்தித் தரும் நிறுவனத்தின் சேமிப்பில் ஒன்று. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே செயற்குழுவிலிருந்து விலகிய அன்பர் ஒருவரின் மின்னஞ்சலில் ஒன்று. பகுதிப் பொறுப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒன்று. ஏழாவது படி, பொங்கல் விழாவுக்கு நன்கொடை அளித்த வீட்டுமனை வணிகர் ஒருவரிடம் இருந்தது. அவர் கேட்டார், நாம் கொடுத்தோம். கொடுக்கலாமா என்று சந்தாதாரர் ஒருவரையும் நாம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்னும் எண்ணமே அன்று நமக்குத் தோன்றவில்லை என்பதே உண்மை.

இவ்வேழனுள் எதிலிருந்து செய்தி கசிந்தது என்று இன்று எவராலும் துணிந்து கூற இயலாது. ஆகவே எவர் மீதும் பழி கூற நாம் முற்படவில்லை. ஏழு படிகள் உண்டாக இடங்கொடுத்தவர் நாமே. அதுவே போதிய குற்றம்.

பழைய நாட்களை எண்ணிப் பார்க்கிறோம். காலிக்கோ அட்டையிட்ட தடித்த பேரேடு ஒன்று சங்கத்தின் இரும்பு அலமாரியில் இருந்தது. பெயர், முகவரி, தொகை, சந்தா முடியும் திங்கள் என நான்கு கட்டங்களே அதில் உண்டு. அதைப் படி எடுக்க விரும்புபவர் நாள் முழுதும் அமர்ந்து கையால் எழுத வேண்டும். அந்தச் சிரமமே அதற்குக் காவலாக இருந்தது. மேலும், அப்பேரேட்டுக்கு இதழ் சென்று சேர்ந்த முகவரி தெரியுமேயன்றி, நீங்கள் அதைப் பிரித்தீர்களா, எந்தப் பக்கத்தில் நெடுநேரம் நின்றீர்கள் என்பன தெரியா. உறை பிரிந்தபின் இதழுக்கும் உங்களுக்கும் இடையே மூன்றாமவர் இல்லை.

சந்தா வாங்கும் வலைத்தளம் அத்தகையதன்று. அது மூவகையாகச் செய்தி சேர்க்கிறது. முதலாவது, நீங்களே படிவத்தில் எழுதிக் கொடுப்பது: பெயர், முகவரி, கைபேசி எண், மின்னஞ்சல், கடவுச்சொல் போன்றவை. இரண்டாவது, நீங்கள் எழுதாமலே பதிவாவது: எந்த நேரத்தில் வந்தீர்கள், எந்த வகைக் கருவியில் படித்தீர்கள், இணைய முகவரியைக் கொண்டு ஏறத்தாழ எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், எந்தக் கட்டுரையைத் திறந்தீர்கள் என்பன. திங்களுக்கு இத்தனை கட்டுரைகள் இலவசம், அதற்குமேல் சந்தா செலுத்துக என்று ஒரு தளம் சொல்லுமானால், அது உங்கள் வாசிப்பை எண்ணிக்கொண்டிருக்கிறது என்பது வெளிப்படை. எண்ணாமல் நிறுத்த இயலாதன்றோ! மூன்றாவது, அத்தளத்தில் இடம்பெறும் விளம்பரங்களும், பிற நிறுவனங்களின் காணொளிப் பெட்டிகளும், பகிர்வதற்கான பொத்தான்களும் தத்தமக்கெனச் சேர்த்துக் கொள்வது.

இதற்குப் பெரிதும் பயன்படுவது ‘குக்கி’ எனப்படும் சிறு குறிப்பு. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மோன்டுல்லி என்பவர் 1994ஆம் ஆண்டில் இதனை வகுத்தார். வந்தவரே மீண்டும் வந்தார் என்பதைத் தளம் அடையாளங் காண்பதற்காக ஏற்பட்டது இது. கோயில் வாயிலில் செருப்பு விடுமிடத்தில் தரும் டோக்கனை ஒத்தது எனலாம். டோக்கனில் எண் மட்டுமே உண்டு. அந்த எண்ணுக்கு உரியது எது என்பது காப்பவருக்குத் தெரியும். இது தீங்கற்றதே. ஆனால் நகரிலுள்ள எல்லாக் கோயில்களிலும் செருப்புக் காக்கும் குத்தகையை ஒருவரே எடுத்து, எல்லா வாயில்களிலும் உங்களுக்கு ஒரே எண்ணைத் தருவாரானால் என்ன ஆகும்? நீங்கள் எந்தெந்தக் கோயிலுக்குச் சென்றீர்கள், எங்கே அதிக நேரம் தங்கினீர்கள் என்பன மாலைக்குள் அவருக்குத் தெரிந்துவிடும். பல தளங்களில் ஒரே விளம்பர நிறுவனம் இடும் குக்கி இவ்வாறே தொழிற்படுகிறது. அண்மைக் காலத்தில் சில உலாவிகள் இதனைத் தாமே தடுக்கின்றன, எல்லாம் தடுப்பதில்லை.

‘யான் என்ன படிக்கிறேன் என்பதை அறிந்து எவருக்கு என்ன பயன்?’ என்று அன்பர்கள் கேட்கலாம். சர்க்கரை நோய் பற்றிய கட்டுரையைத் திரும்பத் திரும்பப் படிப்பவர், மணமுறிவுச் சட்டம் பற்றிப் படிப்பவர், கடன் தீர்க்கும் வழி பற்றிப் படிப்பவர் ஆகியோரின் பெயரும் கைபேசி எண்ணும் ஒரே பட்டியலில் அமைந்தால், அவர்தம் வீட்டுக் கவலைகளை விலைக்கு வாங்கலாம். உடன்பிறந்தாரிடமும் சொல்லாத துன்பம் அயலானுக்குத் தெரிந்துவிடும்.

இந்நகரில் வாழும் நமக்குப் பட்டியல் என்பதன் பொருள் இன்னும் ஆழமானது. 1960களில் மும்பையில் வெளிவந்த ‘மார்மிக்’ என்னும் வார இதழ், இங்குள்ள நிறுவனங்களில் பதவி வகித்த தென்னிந்தியரின் பெயர்களைப் பட்டியல் பட்டியலாக அச்சிட்டது. தொலைபேசி நூல் போன்ற, யாவரும் காணத்தக்க ஏடுகளில் உள்ள பெயர்களே அவற்றுக்கு உதவின. 1966இல் சிவசேனை தோன்றுவதற்கு முன்னும் பின்னும், மாதுங்கா வீடுகளில் அவ்விதழ் வருகிற நாள் எத்தகைய கலக்கத்தைத் தந்தது என்பதை நம் மூத்த உறுப்பினர் பலர் கேட்டிருப்பர். அன்று தனிச்செய்தி ஒன்றும் வெளியாகவில்லை. பெயர்கள் மட்டுமே வெளியாயின. தொலைபேசி பேசுவதற்காகத் தந்த பெயர் வேறொரு நோக்கத்துக்காக அடுக்கப்பட்டது. அடுக்கிய அளவிலேயே அதன் பொருள் மாறிவிட்டது. அக்காலம் கடந்துவிட்டது, மராட்டிய அண்டை வீட்டாருடன் நாம் உற்றாராகவே வாழ்கிறோம். எனினும் அந்தப் படிப்பினையை மறத்தல் தகாது.

இவ்வளவும் கூறியது, பட்டியலே வேண்டாம் என்று சொல்வதற்கன்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஊரடங்கு வந்தபோது, தனித்து வாழ்ந்த முதியோரைத் தேடி மருந்தும் அரிசியும் சேர்ப்பித்ததற்கு இந்தப் பட்டியலே துணை நின்றது. உற்றார் தொலைவில் இருக்கும் ஊரில், நம் பெயரும் முகவரியும் நம்மவர் ஒருவரிடம் இருப்பது ஆறுதலே. அதனாலேயே அது அடைக்கலப் பொருள் ஆகிறது.

அடைக்கலம் என்னும் சொல்லின் எடையைத் தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் இடைக்குல மூதாட்டியிடம் ஒப்படைக்கிறார். கோவலன் கொலையுண்டதில் மாதரிக்கு யாதொரு பங்கும் இல்லை. ஆயினும் அடைக்கலம் பெற்றவரைக் காக்க இயலாது போயிற்றே என்று அவள் தீப்புகுந்தாள். தன் குற்றமன்று என்று அவள் வாதிடவில்லை. அத்துணைப் பெரியதை எவரும் நம்மிடம் கேட்கவில்லை. பெயரைக் காக்குமாறு மட்டுமே கேட்கின்றனர்.

இனி, சட்டம் சொல்வதைக் காண்போம். அந்தரங்கம் காக்கும் உரிமை பற்றிய வழக்குகளில் தமிழ் இதழ் ஒன்றுக்கும் இடமுண்டு. மரண தண்டனைக் கைதி ஒருவரின் தன்வரலாற்றை ‘நக்கீரன்’ வெளியிட முற்பட்டபோது எழுந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1994இல் தீர்ப்பளித்தது. பொது ஆவணங்களில் உள்ளதை இதழ்கள் வெளியிடலாம், அரசு முன்கூட்டியே தடுக்க இயலாது என்று கூறிய அத்தீர்ப்பே, தன்னையும் தன் குடும்பத்தையும் பற்றிய செய்திகளைக் காத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்றும் கூறியது. பின்னர், ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24ஆம் நாள், ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று நிலைநாட்டினர்.

அதன் வழியில் வந்தது 2023ஆம் ஆண்டின் மின்னணுவழித் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. செய்தி சேர்ப்போர் மீதுள்ள முதன்மையான கடமைகள் நடைமுறைக்கு வருவதற்குப் பதினெட்டுத் திங்கள் அவகாசம் அளிக்கப்பட்டது. அவகாசம் இருப்பதால் காத்திருப்போம் என்பது நம்போன்ற சங்கத்துக்கு அழகன்று.

சட்டத்தின் சாரம் நான்கே செய்திகளில் அடங்கும். எதற்காகக் கேட்கிறோம் என்று தெளிவாகச் சொல்லி, இசைவு பெற்றே செய்தி சேர்க்க வேண்டும். இசைவு தருவது எத்துணை எளிதோ அத்துணை எளிதாக அதைத் திரும்பப் பெறவும் வழியிருக்க வேண்டும். சொன்ன நோக்கம் முடிந்தபின், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னாலன்றி, அழித்துவிட வேண்டும். கசிவு நேர்ந்தால் வாரியத்துக்கும் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் அறிவிக்க வேண்டும். தக்க பாதுகாப்புச் செய்யத் தவறினால் தண்டம் ரூ. 250 கோடி வரை செல்லக்கூடும். நம் வேலையைப் பிற நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தாலும் பொறுப்பு நம்மதே; அச்சகத்தாரையோ வலைத்தளம் நடத்துபவரையோ சுட்டித் தப்ப முடியாது.

இவற்றுள் நமக்கு மகிழ்ச்சி தருவது ஒன்றுண்டு. இசைவு கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ பெறும் உரிமையை இச்சட்டம் தருகிறது. தமிழ் அவற்றுள் ஒன்று. தமிழில் காட்டுங்கள் என்று கேட்பது இனிச் சலுகையன்று, உரிமை.

சட்டத்திற்கு எல்லைகளும் உண்டு. நாட்டின் பாதுகாப்பு, பொது அமைதி முதலியவற்றின் பொருட்டு அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரம் நடுவணரசுக்கு உள்ளது. இது பெரிதும் விவாதத்துக்கு உரியதாயிற்று. கணினியில் ஏறாத கையெழுத்துப் பேரேடும் இச்சட்டத்தின் கீழ் வாராது. எனவே, சட்டம் தொடாத இடத்திலும் நம் மனச்சான்று தொட வேண்டும்.

இதனையெல்லாம் அறிந்தபின், நம் வலைத்தளத்தின் அடியில் உள்ள ‘அந்தரங்கக் கொள்கை’ என்னும் பக்கத்தை முதன்முறையாக முழுதும் படித்தோம். நீண்ட ஆங்கில உரை. நாம் எழுதியதன்று, எங்கிருந்தோ எடுத்து ஒட்டப்பட்டது. நமக்குத் தொடர்பில்லாத அயல்நாட்டுச் சட்டம் ஒன்று அதில் சுட்டப்பட்டிருந்தது. ஓரிடத்தில் நம் சங்கத்தின் பெயருக்கு மாறாக, காலணி விற்கும் நிறுவனம் ஒன்றின் பெயர் அப்படியே நின்றது! ஆண்டுக்கணக்கில் ஒருவரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை. நாம் படிக்காததை நீங்களும் படிக்கவில்லை. ஆயினும் ‘படித்தேன், உடன்படுகிறேன்’ என்னும் கட்டத்தில் நீங்கள் அனைவரும் குறியிட்டிருக்கிறீர்கள். அதனை இசைவு என்று எங்ஙனம் கூறுவது?

சிறுவர் ஓவியப் போட்டியின் பக்கம் இதனினும் கவலை தந்தது. பரிசு பெற்ற பிள்ளைகளின் புகைப்படம், பெயர், பிறந்த நாள், பள்ளி, வகுப்பு, வசிக்கும் பகுதி ஆகிய அனைத்தையும் பெருமிதத்தோடு வெளியிட்டிருந்தோம். பதினெட்டு வயது நிரம்பாதோர் பற்றிய செய்திக்குப் பெற்றோரின் இசைவை உறுதிசெய்து பெற வேண்டும் என்பது இச்சட்டம். சட்டம் இருக்கட்டும், ஒரு குழந்தையைப் பள்ளி வாயிலில் பெயர் சொல்லி அழைப்பதற்கு அயலான் ஒருவனுக்கு வேண்டியன யாவும் அப்பக்கத்தில் இருந்தன. அதனை அன்றே நீக்கினோம்.

செயற்குழு கூடி முடிவு செய்தவற்றை இங்கே அறிவிக்கிறோம். சந்தாப் பட்டியல் இனி ஓரிடத்தில் மட்டுமே இருக்கும். அதனைத் திறக்க வல்லவர் இருவர். மற்றையிடங்களில் உள்ள படிகளை அழிக்கச் செய்து எழுத்தில் உறுதி பெற்று வருகிறோம்; வணிகரிடமும் கேட்டுள்ளோம். ஆனால் கொடுத்ததை முழுதும் மீட்டோம் என்று நாம் சொல்லப் போவதில்லை, சிந்திய பாலை அளந்து எடுக்க இயலாது. அச்சகத்துக்கு அந்தந்தத் திங்களுக்குரிய முகவரி மட்டும் செல்லும், கைபேசி எண் செல்லாது. நன்கொடையாளர் எவருக்கும் பட்டியல் தரப்படமாட்டாது. அவர்தம் அறிவிப்பை நாமே இதழில் அச்சிடுவோம். சந்தா முடிந்து ஓராண்டு கடந்தோரின் செய்திகள், கணக்குக்கு வேண்டியன நீங்கலாக, அழிக்கப்படும். தளத்தில் பிற நிறுவனங்களின் விளம்பரக் குக்கிகள் அகற்றப்படும். அதனால் வரும் சிறு வருவாய் இழப்பைச் சங்கம் ஏற்கும். புதிய அந்தரங்க அறிவிப்பு ஒரே பக்கத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும், அடுத்த இதழின் பின்னட்டையிலும் வெளிவரும்.

அன்பர்கள் செய்யத்தக்கனவும் சில உண்டு. நம்மிடம் உங்களைப் பற்றி என்ன உள்ளது என்று கேட்டு எழுதுங்கள், சொல்வோம். திருத்தவோ நீக்கவோ வேண்டின் செய்வோம். பிற இதழ்களிடமும் இவ்வாறே கேளுங்கள். ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் பயன்படுத்த வேண்டா. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. அதைக் கேட்பவன் உங்களிடமிருந்து பணம் எடுக்கிறான் என்று அறிக. 2022 அக்டோபர் முதல் விற்பனையாளர் உங்கள் வங்கி அட்டை எண்ணைச் சேமித்து வைத்தல் ஆகாது என்பது ரிசர்வ் வங்கியின் ஆணை. வேண்டாத விளம்பர அழைப்புகளை நிறுத்த 1909 என்னும் எண்ணுக்குச் சொல்லலாம். பணம் பறிபோயின், ஒரு கணமும் தாழ்த்தாது 1930ஐ அழைக்க வேண்டும். நம் சங்கம் எவரையும் தொலைபேசியில் அழைத்துச் சந்தா கேட்பதில்லை, இனியும் கேளாது.

இவற்றையெல்லாம் சொல்வதற்காகச் சென்ற வாரம் செம்பூர் சென்று அம்மையாரைக் கண்டோம். அவர் வினாவுக்கு விடை கிடைக்கவில்லை என்பதையும், பட்டியலை வணிகரிடம் கொடுத்தது நாமே என்பதையும் ஒளிக்காமல் கூறினோம். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு உள்ளே சென்று ஓராண்டுச் சந்தாத் தொகையைக் கொண்டுவந்து தந்தார். படிவத்தில் பெயரும் முகவரியும் எழுதினார். கைபேசி எண் என்று இருந்த இடத்தில் ஒரு கோடு இழுத்தார்.

"புத்தகம் வீட்டுக்குத்தானே வருகிறது? வீட்டு முகவரி போதும்" என்றார்.

போதும் என்பது உண்மைதான். அந்தக் கட்டத்தை நம் படிவத்திலிருந்தே எடுத்துவிட்டோம்.